கடல்வழியும் இல்லறமும்

தொல்காப்பியத்தின் அகத்திணையியலில் கடற்செலவு குறித்துச் சிறியதொரு நூற்பா உண்டு. கடல் கடந்து செல்லும் வழக்கம் பெண்ணோடு கூடியதாக இல்லை என்பது அதன் சாரம். இளம்பூரணர் அதைக் கடல்வழிப் பயணம் என்றே கொண்டார். நச்சினார்க்கினியரோ ‘முந்நீர்’ என்னும் சொல்லைக் கடலாகக் கொள்ளாமல் மூன்று நீர்மை எனப் பிரித்து, ஓதல், தூது, பொருள் ஆகிய மூன்றன் பொருட்டுத் தலைவன் மேற்கொள்ளும் பிரிவில் தலைவி உடன்செல்வதில்லை எனப் பொருள் விரித்தார். உரையாசிரியர்கள் சொல்லில் வேறுபட்டாலும் முடிவில் வேறுபடவில்லை. இருவர் உரையிலும் பெண் கரையில்தான் நிற்கிறாள்.

இது வெறும் இலக்கண விதியாக நின்றிருந்தால் வகுப்பறையோடு முடிந்திருக்கும். நம் காப்பியங்களும் அதை ஏறத்தாழக் காப்பாற்றின என்பதே கவனிக்கத்தக்கது. கண்ணகியின் தந்தை மாநாய்கன். பெருங்கடலோடி என்பதைக் குறிக்கும் பட்டப்பெயர் அது. அந்தக் கடலோடியின் மகள் புகாரிலிருந்து மதுரைக்குக் கணவனோடு கால்நடையாகவே போகிறாள். மணிமேகலைக் காப்பியத்தில் பொருளிழந்த சாதுவன் வணிகர்களோடு கப்பலேறிச் செல்ல, அவன் மனைவி ஆதிரை ஊரிலிருந்து அவன் இறந்ததாகச் செய்தி கேட்டுத் தீயில் இறங்குகிறாள். மணிபல்லவத் தீவுக்குச் சென்ற மணிமேகலையும் கப்பலில் செல்லவில்லை; தெய்வம் அவளை வான்வழியே தூக்கிச் செல்கிறது. ஒரு பெண்ணைக் கலத்தில் ஏற்றுவதைவிட வானில் பறக்கவிடுவது அக்காலக் கவிஞனுக்கு எளிதாக இருந்திருக்கிறது போலும்!

இருபதாம் நூற்றாண்டிலும் பெரிய மாற்றமில்லை. 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் செல்லும் கப்பலில்தான் காந்தியைப் பற்றிய ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் ஏ. கே. செட்டியாருக்குத் தோன்றியது. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972 இல் நூலாக வந்தது. தமிழ் நாவலில் கடற்புயலை இத்தனை உக்கிரத்தோடு காட்டிய எழுத்து அரிது. இரண்டையும் நாங்கள் விரும்பிப் படித்திருக்கிறோம். ஆனால் அந்தக் கடல் தனித்த ஆணின் கடல். கணவனும் மனைவியுமாகக் கப்பலேறி, இருவரும் ஒரே அலையை வேறுவேறாகப் பார்த்த கதை நம் எழுத்தில் எவ்வளவு இருக்கிறது?

வாழ்க்கை விதியை எப்போதோ உடைத்துவிட்டது. 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 342 பேரோடு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்னையிலிருந்து ஏற்றப்பட்ட ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் அவர்கள். ஒப்பந்தக் கூலி முறை வளர்ந்தபோது, 100 ஆண்களுக்கு 40 பெண்கள் இருக்க வேண்டும் என்று விகிதமே வகுக்கப்பட்டது. முந்நீரைக் கணவனோடு கடந்த தமிழ்ப் பெண்களின் பெருந்திரள் இப்படித்தான் உருவாயிற்று. அவர்களைப் பற்றி நம்மிடம் இருப்பவை பெயர், வயது, அங்க அடையாளம், ஊர் என்ற பதிவேட்டுக் குறிப்புகளே. மேல்தளத்தில் நின்று அவர்கள் என்ன பார்த்தார்கள், கரை மறைந்தபோது கணவனிடம் என்ன கேட்டார்கள் என்பதை எழுதி வைக்க எவருமில்லை. ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி கலங்கிப் பாடினார். அதுவும் கரையிலிருந்து எழுந்த குரலே.

பின்னர் ‘ரஜூலா’ வந்தது. 1926 இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக ஓடியது. புதுமணப் பெண்கள் மூட்டை முடிச்சுகளோடும் ஊறுகாய் ஜாடிகளோடும் அதன் தளத்தில் படுத்துக் கடல் கடந்தார்கள். அதன் இடத்தை ஏற்ற ‘சிதம்பரம்’ கப்பல் 1985 இல் தீவிபத்துக்குள்ளான பின் அந்தத் தடமும் ஓய்ந்தது. கடல் கடப்பவர்கள் விமானத்துக்கு மாறினார்கள். நமக்கும் கடலுக்கும் இருந்த அன்றாட உறவு மீனவர்களிடமும் மாலுமிகளிடமும் மட்டுமே எஞ்சிற்று.

இந்த இடைவெளியில்தான் இன்றைய உல்லாசக் கப்பல் நுழைந்திருக்கிறது. அறுபதாம் கல்யாணம், திருமண வெள்ளிவிழா, பணி ஓய்வு என்று ஏதேனும் ஒரு காரணத்தை முன்னிட்டுத் தம்பதியர் கப்பலேறுவது நடுத்தர வர்க்கத்தில் பரவிவரும் வழக்கம். நாங்களும் போனோம். எங்களில் ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர், மற்றவர் வங்கி ஊழியர். இருவருக்கும் கணக்குப் பார்க்கும் பழக்கம் உண்டென்பதால் பலகாலம் தயங்கிவிட்டே மேற்குக் கரையில் மூன்று இரவுகளைக் கப்பலில் கழித்தோம். குறை சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. உணவு நன்று, அறை நன்று, உபசரிப்பு நன்று. ஆயினும் மூன்றாம் நாள் எங்களுக்குள் எழுந்த கேள்வி ஒன்றே: நாம் கடலில் இருந்தோமா?

நீச்சல்குளம், நாடக அரங்கு, கடைகள், சூதாட்ட அறை, இரவெல்லாம் இசை. கப்பலின் அமைப்பே பயணியின் முகத்தை உள்நோக்கித் திருப்பி வைக்கிறது. சாளரமற்ற உள்ளறைகளுக்குக் கட்டணம் குறைவு, கடல் தெரியும் அறைக்குக் கூடுதல். அதாவது கடலில் செல்லும் கலத்தில் கடலைப் பார்ப்பது தனிக் கட்டணத்துக்குரிய சலுகை. அலையின் ஓசை கேட்கும் ஓரிடத்தைத் தேடி, உயிர்காப்புப் படகுகள் தொங்கும் தாழ்ந்த தளத்தின் ஒரு மூலையைக் கண்டடைந்தோம். அங்கே எங்களைத் தவிர இருந்தவர்கள் பணிநேரத்தின் இடையே இளைப்பாற வந்த ஊழியர்கள்.

உல்லாசக் கப்பலுக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடவேண்டும். முழங்கால் தேய்ந்த முதியவருக்கு, மலை ஏறாமல், பெட்டி தூக்காமல், நாள்தோறும் விடுதி மாறாமல் உலகைக் காட்டும் வாகனம் வேறில்லை. எங்களோடு உணவு மேசையில் அமர்ந்த மூத்த அம்மையார் ஒருவர், “நாற்பது வருஷத்தில் மூணு நாள் முழுசா நான் அடுப்பைப் பார்க்கலை” என்றார். கப்பலில் அவருக்குக் கிடைத்தது கடல் அன்று, அடுப்பங்கரையிலிருந்து விடுதலை. அதை அற்பமென்று ஒதுக்க எந்த இலக்கிய ரசிகருக்கும் உரிமையில்லை. இல்லறத்தின் கணக்கில் அது பெரிய வரவு.

ஆனால் அந்த அம்மையார் பார்க்காத அடுப்பை வேறொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் ‘டயமண்ட் பிரின்சஸ்’ கப்பல் கொரோனா தொற்றால் தனிமைப்படுத்தப்பட்டது. ஏறத்தாழ 3,700 பேரில் 700க்கும் மேற்பட்டோரைத் தொற்று பிடித்தது. பயணிகள் அறைகளுக்குள் அடைந்திருக்க, பணியாளர்கள் கதவு கதவாக உணவு கொண்டுசென்றனர். கப்பலில் இருந்த 138 இந்தியர்களில் 132 பேர் பணியாளர்கள். தம்பதியாக விடுமுறை கழிக்கும் ஒருவருக்குப் படுக்கை விரிப்பவர், தம் துணையைப் பல மாதங்கள் ஊரில் விட்டு வந்தவர். பொருள்வயிற் பிரிவு சங்கத்தோடு முடிந்துவிடவில்லை. அது கப்பலின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. மேல்தளத்தில் இருப்போர் அதைக் காணாதவாறு மாடிப்படிகள் அமைக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவே.

கப்பல் சென்று சேரும் ஊரின் நிலையும் சிந்திக்கத்தக்கது. 2019 ஜூன் 2 அன்று வெனிஸ் நகரின் ஜுதெக்கா கால்வாயில் பெருங்கப்பல் ஒன்று கட்டுப்பாடிழந்து துறைமேடையிலும் அங்கே நின்ற சுற்றுலாப் படகிலும் மோதிற்று. நகரவாசிகள் பல்லாண்டுகளாகப் போராடி வந்த சிக்கல் அது. 2021 ஆகஸ்ட் முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அக்கால்வாயில் நுழைய இத்தாலிய அரசு தடைவிதித்தது. 2024 இல் நகரம் பகல்நேரப் பயணிகளிடம், குறித்த சில நாட்களில், 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. அதே 2024 ஜனவரியில்தான் மயாமியிலிருந்து ஏறத்தாழ 365 மீட்டர் நீளமும் 20 தளங்களும் கொண்ட ‘ஐகான் ஆஃப் த சீஸ்’ தன் முதல் பயணத்தைத் தொடங்கிற்று. கப்பல் பெருக்கப் பெருக்க, அது சென்று நிற்கும் ஊர் சிறுத்துப்போகிறது.

மாற்று இல்லாமல் இல்லை. ஆலப்புழையிலிருந்து குட்டநாட்டு ஊர்களுக்குக் கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை படகுகளை ஓட்டுகிறது. தனியார் படகுவீடு ஒன்றுக்கு ஒரு நாளுக்காகும் தொகையில் இந்தப் படகில் ஆண்டு முழுதும் போய்வரலாம். நாங்கள் அதில் பலமுறை போயிருக்கிறோம். பள்ளிப் பிள்ளைகள், காய்கறிக் கூடைகள், மருத்துவமனைக்குச் செல்லும் பாட்டி. ஒவ்வொரு ஜெட்டியிலும் கயிற்றை வீசிப் பிடித்து, இருவரை இறக்கி மூவரை ஏற்றிக்கொண்டு படகு நகரும். கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் வயல்களைத் தண்ணீரின் மேலிருந்து குனிந்து பார்க்கிற விந்தை வேறெங்கும் எளிதில் வாய்க்காது. எங்களில் ஒருவர் வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மற்றவர், துறைப்படியில் பாத்திரம் துலக்கிய பெண் படகு எழுப்பிய அலை அடங்கும்வரை கையை நிறுத்திக் காத்திருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடு திரும்பி நெடுநாள் பேச எங்களுக்கு அந்த ஒரு காட்சி இருந்தது. மூன்று இரவு உல்லாசக் கப்பல் அப்படி எதையும் பேசத் தரவில்லை.

அத்துறை 2017 இல் வைக்கம் - தவணக்கடவு தடத்தில் ‘ஆதித்யா’ என்னும் சூரிய ஆற்றல் படகை இயக்கியது. 2023 ஏப்ரலில் கொச்சியில் வாட்டர் மெட்ரோ தொடங்கியது. நார்வேயில் 1893 முதல் கரையோரக் கப்பல் சேவை ஒன்று இயங்கிவருகிறது. பெர்கனிலிருந்து கிர்க்கெனெஸ் வரை 34 துறைகள். ஊர் மக்களையும் சரக்கையும் ஏற்றிச்செல்லும் அதே கப்பலில்தான் உலகெங்கிலிருந்தும் வரும் சுற்றுலாத் தம்பதியரும் ஏறுகிறார்கள். வேடிக்கை பார்ப்பவர் வேறு, பிழைப்புக்குப் போகிறவர் வேறு என்று அங்கே கப்பலைப் பிரிக்கவில்லை.

நம் கரைக்கு வருவோம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914 இல் தொடங்கிய கப்பல் சேவை 1964 டிசம்பர் புயல்வரை அங்கிருந்து நடந்தது. பின் இராமேசுவரத்திலிருந்து தொடர்ந்து, எண்பதுகளில் போர்ச் சூழலில் நின்றது. நாற்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் புறப்பட்டது. பருவமழையால் சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்னும் சிறு கப்பலோடு மறுபடி தொடங்கிற்று. ஏறத்தாழ நான்கு மணிநேரப் பயணம். இருகரையிலும் உறவினர் உள்ளோருக்கும், வணிகருக்கும், ஆய்வாளருக்கும், கோயிலுக்குப் போகிறவருக்கும் அது ஒரு சாலை. சாலை லாபம் தருகிறதா என்று எவரும் கேட்பதில்லை. கப்பலை மட்டும் ஏன் கேட்க வேண்டும்? உல்லாசக் கப்பல்களுக்குத் துறைமுகத்தில் வரவேற்பு வளைவு கட்டும் அரசுகள், இத்தகைய சிறு கப்பல்கள் தவறாது ஓடுவதற்கான செலவை ஏற்பதே நியாயம் என்பது எங்கள் துணிபு.

வாசகர்களிடமும் கேட்க ஒன்றுண்டு. வெள்ளிவிழாவுக்கோ விடுமுறைக்கோ கடலுக்குப் போகத் திட்டமிட்டால், வேறொருவர் வேலைக்குப் போகும் கலத்தில் ஒருமுறையேனும் ஏறுங்கள். இருவராகப் போங்கள். திரும்பியதும் இருவரும் தனித்தனியே எழுதுங்கள். கணவர் எழுத, மனைவி ‘உடன் வந்தார்’ என்று ஒரு வரியில் இடம்பெறும் பயணக்கட்டுரைகள் நம்மிடம் போதிய அளவு இருக்கின்றன. ட்ரூரோவில் சென்ற பெண்களின் வாயிலிருந்து ஒரு சொல்கூட நமக்கு வந்து சேரவில்லை. கடல் கடக்கும் இக்காலப் பெண்களின் சொல்லையும் இழந்துவிட்டால், அதற்குத் தொல்காப்பியரைக் காரணம் காட்ட முடியாது.