பக்கத்து நாற்காலி

சக இதழ் ஒன்றில் அண்மையில் வந்த கட்டுரையை மறுக்காமல் இந்த இதழை அச்சுக்கு அனுப்ப மனம் வரவில்லை. பல பத்தாண்டுகளாக வாசித்துவரும் ஒரு புரோகிரஸிவ் ராக் குழு சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவுடன் மேடையேறியதைப் பாராட்டும் அக்கட்டுரை, ராக் இசைக்குச் செவ்வியல் தகுதி அன்றுதான் கிடைத்தது என்று முடிகிறது. பாராட்டில் நமக்குப் பிணக்கில்லை. ஒரு கலைக்குத் தகுதி என்பது வெளியிலிருந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடமிருந்து வந்து சேரும் என்ற நம்பிக்கையோடுதான் பிணக்கு. அந்த நம்பிக்கை எவ்வளவு பிழையானது என்பதற்கு இவ்வகைக் கச்சேரிகளின் வரலாறே சாட்சி சொல்லும்.

1969 செப்டம்பர் 24 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் டீப் பர்ப்பிள் குழுவும் ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசித்தன. குழுவின் ஆர்கன் கலைஞர் ஜான் லார்ட் மூன்று பகுதிகளாக எழுதிய கான்செர்ட்டோ அது. நடத்தியவர் மால்கம் ஆர்னால்ட். ஒத்திகையில் ஆர்கெஸ்ட்ரா கலைஞர்கள் காட்டிய அலட்சியத்தை ஆர்னால்ட் கடிந்துகொள்ள நேர்ந்தது என்பது பதிவாகியுள்ள செய்தி. தகுதி வழங்குவார்கள் என்று நாம் நினைப்பவர்களில் பலருக்கு அந்த மேடையில் இருக்கவே விருப்பமில்லை. லார்டின் பெருமை, இந்தப் பகையை அவர் இசைக்குள்ளேயே கொண்டுவந்ததுதான். முதல் பகுதியில் இரு தரப்பும் எதிரெதிரே நிற்கின்றன. ஆர்கெஸ்ட்ரா வெகுநேரம் தனியே பேசுகிறது. மின்கிட்டாரும் டிரம்ஸும் குறுக்கே பாய்ந்து அந்தப் பேச்சைப் பறிக்கின்றன. இணக்கம் பின்னால்தான் வருகிறது, அதுவும் போராடிப் பெற்ற இணக்கமாக.

பின்னால் வந்த பலர் அந்தப் போராட்டத்தைத் தவிர்த்தார்கள். காரணம் ஒலியின் இயல்பிலேயே இருக்கிறது. டிரம்ஸில் அடி விழுந்த கணத்திலேயே ஒலி முழுதாக எழுந்துவிடும். வில் இழுத்து எழும் நாதம் திரள்வதற்குச் சற்றேனும் அவகாசம் வேண்டும். ஐந்தும் ஏழுமாக உடைந்து விரையும் தாளக்கட்டில் ஒரு வயலின் வரிசை முழுவதும் டிரம்ஸைத் துரத்தினால் ஸ்வரங்கள் மங்கிப்போகும். எனவே இசைக்கோர்ப்பாளர் ஆபத்தில்லாத வழியைப் பிடிக்கிறார்: குழு ஏற்கெனவே வாசிக்கும் கார்டுகளையே வயலின்களுக்குக் கொடுத்து நீட்டிப் பிடிக்கச் சொல்கிறார். டிரம்ஸைச் சுற்றி ஒளிபுகும் தடுப்பு, வயலின்களில் பொருத்திய சிறு மைக்குகள் என்று என்ன செய்தாலும், வில்கள் மேலும் கீழும் போவது கண்ணுக்குத் தெரிகிறதே தவிர, காதுக்கு வருவது கிட்டாரும் டிரம்ஸும்தான். யெஸ் குழுவின் 1970ஆம் ஆண்டு ஆல்பமான ‘டைம் அண்ட் எ வர்ட்’ இன்னொரு விதத்தில் பிழை செய்தது. அங்கே வயலின்கள் கிட்டாரின் இடத்தையே எடுத்துக்கொண்டன. கிட்டார் கலைஞர் பீட்டர் பேங்க்ஸுக்கு அது பிடிக்கவில்லை. ஆல்பம் வெளிவரும்போது அவர் குழுவிலேயே இல்லை.

மூடி ப்ளூஸ் குழுவின் 1967 ஆல்பத்தை இந்த மரபின் தொடக்கமாகச் சொல்வார்கள். அதை நிதானமாகக் கேட்டால் உண்மை வேறு. பீட்டர் நைட் எழுதிய ஆர்கெஸ்ட்ரா பகுதிகள் பாடல்களுக்கு இடையே வருகின்றன. இரண்டும் ஒன்றாக ஒலிக்கும் இடம் அரிது. பாடல்களுக்குள் நாம் கேட்கும் வயலின் நாதம் பெரும்பாலும் மைக் பிண்டரின் மெலோட்ரான். பர்மிங்காமில் உருவான அந்தக் கருவியைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் நமக்கு ஆசை தீராது. ஒவ்வொரு கட்டையின் கீழும் ஒரு காந்த நாடா. அதில் நிஜ வயலின்களின் ஒரே ஒரு ஸ்வரம் பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், சுமார் எட்டு விநாடிக்கு. அதற்குள் வாசிப்பவர் வேறு கார்டுக்கு நகர்ந்தாக வேண்டும். நாடாவின் வேகம் சீராக இராது. ஸ்வரம் லேசாக நடுங்கும். கிங் கிரிம்ஸனின் 1969 முதல் ஆல்பத்தில் ஊர் முழுவதும் மூடுபனி இறங்கியதுபோல் விரியும் அந்தத் துயரம், இந்தக் குறைகளுக்குள்ளிருந்து பிறந்தது. எந்த ஆர்கெஸ்ட்ராவாலும் அதைத் தர முடியாது. அந்த நடுங்கும் எட்டு விநாடிகளை நீக்கி, அங்கே சுருதி சுத்தமான வயலின்களை வைத்து, இசை உயர்ந்துவிட்டது என்று சொல்பவர் ஒரு கண்டுபிடிப்பை அழித்துவிட்டு அதற்கு உயர்வு என்று பெயரிடுகிறார்.

அப்படியானால் இந்தக் கச்சேரிகள் எல்லாமே வீணா என்று கேட்கலாம். இல்லை. 1971 நவம்பரில் கனடாவின் எட்மண்டன் நகர சிம்பொனியுடன் புரோகோல் ஹாரம் செய்த பதிவைக் கேளுங்கள். 1967இல் வெளியாகி அதிகம் கவனிக்கப்படாத ‘கான்கிஸ்டடோர்’ பாடல் அங்கே புதுப்பிறவி எடுத்து அமெரிக்காவில் வெற்றி பெற்றது. காரணம், ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதியவர் பாடலை இசையமைத்த கேரி புரூக்கரே. எந்த இடத்தில் குழு ஒதுங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. யெஸ் குழுவே 2001இல் ‘மேக்னிஃபிகேஷன்’ ஆல்பத்தில் பழைய பிழையைத் திருத்திக்கொண்டது. அப்போது குழுவில் கீபோர்டு கலைஞர் இல்லை. காலியாக இருந்த அந்த இடத்துக்காகவே லாரி க்ரூப்பே ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதினார். அதே ஆண்டு ஆம்ஸ்டர்டாம் கச்சேரியில் பழைய பாடல்களுக்குக் கீபோர்டு தேவைப்பட, டாம் பிரிஸ்லின் என்ற இளைஞரை அமர்த்திக்கொண்டார்கள். ஆக, ஆர்கெஸ்ட்ராவுக்கென்று எழுதிய பாடல்கள் அதன் மேல் நின்றன. கீபோர்டுக்காக எழுதியவை கீபோர்டைக் கேட்டன. ஆர்கெஸ்ட்ராவை எடுத்துவிட்டால் படைப்பு குறைபடுமா என்ற ஒரே கேள்வி போதும், அலங்காரத்தையும் அவசியத்தையும் பிரிப்பதற்கு.

புரோகிரஸிவ் ராக் தொடக்கம் முதலே செவ்வியலின் நிழலுக்கு ஏங்கியதுதானே என்பது பங்க் ராக் பக்கத்திலிருந்து வரும் பழைய குற்றச்சாட்டு. எமர்சன், லேக் அண்ட் பாமர் 1971இல் நியூகாசிலில் ரஷ்யச் செவ்வியல் இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியை வாசித்துப் பதிவுசெய்தபோது மேடையில் இருந்தவர்கள் மூன்றே பேர். அவர்கள் அனுமதி கேட்கவில்லை, எடுத்துக்கொண்டார்கள். அதே குழு 1977இல் எழுபது பேர் அளவிலான ஆர்கெஸ்ட்ராவோடு பயணம் கிளம்பியது. செலவு தாளாமல் சில கச்சேரிகளிலேயே ஆர்கெஸ்ட்ராவை அனுப்பிவிட்டு மூவராகவே பயணத்தைத் தொடர்ந்தது. இவர்களிடம் இருந்தது பெரிய வடிவங்களின் மீதான பசி. அந்தப் பசியை அந்தஸ்து ஆசை என்று சுருக்குவது அநியாயம். வயதான கலைஞர்களும் அவர்களோடு வயதான ரசிகர்களும் ஒரு மாலை மகிழ்ந்திருந்தால் என்ன நஷ்டம் என்பது இன்னொரு வாதம். ஒரு நஷ்டமும் இல்லை. அந்த மகிழ்ச்சியை மகிழ்ச்சி என்றே சொல்லுங்கள், பட்டமாக மாற்றாதீர்கள்.

நமக்கு இவ்வளவு கோபம் வருவதற்குக் காரணம், இந்த வியாதி இசையோடு நிற்பதில்லை. நாவலின் அட்டையில் யார் பாராட்டியிருக்கிறார்கள், கவிஞர் எந்த அரங்கில் யார் பக்கத்தில் அமர்ந்தார், எந்த ஐரோப்பியப் பெயரோடு அவரை ஒப்பிடலாம் என்று தேடுவதே இங்கே விமர்சனமாகிவிட்டது. படைப்பைத் திறந்து பார்க்கும் உழைப்பு குறைந்துகொண்டே போகிறது. அந்த உழைப்பு எப்படி இருக்கும் என்பதற்கும் லார்டின் கான்செர்ட்டோவே சான்று. 1970க்குப் பிறகு அதன் இசைப்பிரதி தொலைந்துபோனது. மேடையேற்றிய பெருமைமிக்க நிறுவனங்களால் அதைக் காப்பாற்ற முடியவில்லை. மார்கோ டி கூய் என்ற டச்சு இசையமைப்பாளர் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டும் பார்த்தும் ஒவ்வொரு வாத்தியத்தின் பகுதியையும் மீட்டெழுதத் தொடங்கினார். அந்த உழைப்பால்தான் 1999 செப்டம்பரில் அதே அரங்கில், லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு அது மறுபடி ஒலித்தது. ஒரு படைப்புக்கு மதிப்பு தருவது இப்படிப்பட்ட செவிதான். விமர்சகர்கள் முதலில் அந்தச் செவியைச் சம்பாதித்துக்கொள்ளட்டும். தகுதி வழங்குவதைப் பற்றிப் பிறகு பேசலாம்.