சும்மா கிடக்கும் அலைக்கற்றை

ஆலங்குளத்தில் அரசு சிமென்ட் ஆலை, ராஜபாளையத்தில் நூற்பாலைகள், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் செண்பகத்தோப்புப் பளியர் குடியிருப்பு. ஒவ்வோரிடத்தின் தேவையும் வேறு. அலைக்கற்றை ஏலத்திலோ இவையும் சென்னை அண்ணா சாலையும் ஒன்றுதான். தமிழ்நாடு முழுவதும் ஒரே உரிமப் பகுதி. ஏலம் எடுத்த நிறுவனம் கோபுரம் நடாத இடத்திலும் உரிமை அதனுடையதே. அங்கே அந்த அலைவரிசை யாருக்கும் உதவாமல் கிடக்கும்.

இதற்குத் தீர்வு, அலைக்கற்றையைப் பகிர்வது. பகிர்வு என்றதும் 4ஜி, 5ஜி இரண்டையும் ஒரே அலைவரிசையில் ஓட்டும் நுட்பத்தைச் சொல்கிறார்கள். மில்லி விநாடிக் கணக்கில் இரண்டுக்கும் இடம் பிரித்துக் கொடுக்கும் நல்ல நுட்பம்தான். ஆனால், அது ஒரே நிறுவனத்தின் வீட்டுக்குள் நடக்கும் பங்கீடு. நமக்கு வேண்டியது வெளியாளுக்கும் இடம் தரும் பங்கீடு.

அமெரிக்காவில் 3,550 முதல் 3,700 மெகாஹெர்ட்ஸ் வரை கடற்படை ரேடாருக்கே முதல் உரிமை. அடுத்து ஏலம் எடுத்தவர். அவரும் பயன்படுத்தாத இடத்தில் பொதுப் பயனர். கண்மாய்ப் பாசனத்தில் நீர்ப்பாய்ச்சி முறைவைத்து மடை திறப்பதுபோல, எவருக்கு எப்போது இடம் என்பதைக் கணினி அமைப்பு தீர்மானிக்கிறது. பிரிட்டனில் செல்பேசி நிறுவனம் பயன்படுத்தாத இடத்தில், அதன் அலைவரிசையை 950 பவுண்டு கட்டி மூன்றாண்டுகளுக்குக் கேட்டுப் பெறலாம். 2019இல் வந்த ஏற்பாடு.

இங்கும் முயற்சி இல்லாமல் இல்லை. தொலைக்காட்சிக்கான 470–590 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் சராசரியாக 100 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் காலி என்று ஐஐடி பம்பாய் ஆய்வாளர்கள் 2014இல் காட்டினார்கள். மகாராஷ்டிரத்தின் பால்கர் கிராமங்களில் அந்தக் காலி வரிசை வழியே இணையம் கொடுத்தும் பார்த்தார்கள். செல்பேசி அலைக்கற்றையிலும் 2024 ஏலத்தில் சுமார் 10,500 மெகாஹெர்ட்ஸ் வைத்து, விற்றது 141 தான். அலைக்கற்றைக்குத் தட்டுப்பாடு என்று எப்படிச் சொல்வது?

2022இல் மட்டும் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்த நிறுவனங்கள் தங்கள் உரிமைக்குக் கேட்கும் பாதுகாப்பு நியாயமானதே. ஆனால், அவை வாங்கியது பயன்படுத்தும் உரிமையை; பூட்டிவைக்கும் உரிமையை அல்ல. அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே கூறிவிட்டது. போதிய காரணமின்றிப் பயன்படுத்தாததைத் திரும்பப் பெறவும் பகிரவும் 2023 தொலைத்தொடர்புச் சட்டம் இடம் தருகிறது. பயன்படுத்தாததை மாநிலம் முழுமைக்கும் சேர்த்து அளந்தால் சென்னையின் நெரிசலில் ஆலங்குளம் மறைந்துபோகும். தாலுகா வாரியாக அளக்க வேண்டும். நிறுவனம் கோபுரம் நட வரும் நாளில் உள்ளூர்ப் பயனர் விலகிக்கொள்ளட்டும். அதுவரை ஆலையோ ஊராட்சியோ பளியர் குடியிருப்பின் பள்ளியோ கேட்டால் கொடுத்தாக வேண்டும்.