டாக்காவின் 162 இடங்கள் இன்று எத்தனை ஆகியிருக்கும்?

தோழர்களே, இன்று ஒரு கணக்கு. கொஞ்சம் பொறுமையா படிங்க. பக்கத்து நாடுகளின் கதைதான், ஆனா நம்ம வீட்டு வாசல் வரைக்கும் வரும்.

1951-ல் பாகிஸ்தான் ஒரே நாடு. கிழக்குப் பகுதியில், அதாவது இன்றைய வங்கதேசத்தில், சுமார் 4 கோடியே 20 லட்சம் பேர். மேற்கில் சுமார் 3 கோடியே 37 லட்சம். ஆள் அதிகம் கிழக்கே, அதிகாரம் மேற்கே. தலையை எண்ணினால் டாக்கா ஜெயித்துவிடுமே! அதனால் 1955-ல் மேற்கு மாகாணங்களை எல்லாம் ஒரே யூனிட்டாக ஒட்டினார்கள். அடுத்த ஆண்டு வந்த அரசியல் சட்டம், இரண்டு பக்கமும் சரிசமமான இடங்கள் என்றது. அன்றைக்கு மட்டும் தலைக்கணக்கு செல்லாது!

1970 தேர்தலில்தான் மக்கள்தொகைப்படி இடம் கிடைத்தது. 300 பொதுத் தொகுதிகளில் கிழக்குக்கு 162. அதில் 160-ஐ முஜிபுர் ரகுமானின் அவாமி லீக் வென்றது. ஆட்சியைக் கொடுக்கவில்லை. ராணுவம் வந்தது, போர் வந்தது, 1971 டிசம்பரில் நாடு பிரிந்தது.

இன்றைக்கு நிலைமை என்ன? 2023 கணக்கெடுப்பில் பாகிஸ்தான் 24 கோடியைத் தாண்டிவிட்டது. வங்கதேசம் ஏறத்தாழ 17 கோடி. அப்படியே தலைகீழ்!

"போரில் செத்தவர்கள், அகதிகளாகப் போனவர்கள் அவ்வளவு பேர், அதனால்தானே?" என்று கேட்கலாம். இல்லை. 1981 கணக்கெடுப்பில்கூட வங்கதேசம்தான் முன்னால் இருந்தது. மாற்றம் அதற்குப் பிறகு. 1971-ல் இரண்டு பக்கமும் ஒரு பெண்ணுக்குச் சராசரியா ஆறு பிள்ளைக்கு மேல். வங்கதேசத்தில் இப்போது அது 2.3 அளவில் நிற்கிறது (கடந்த சில ஆண்டுகளாக அதற்குக் கீழே இறங்க மறுக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்). பாகிஸ்தானில் 2017-18 ஆய்வுப்படி 3.6.

வங்கதேசம் இதை மிரட்டிச் சாதிக்கவில்லை. பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வர முடியாத ஊர்களில், அதே ஊர்ப் பெண்களைப் பணியாளராக்கி, மாத்திரையோடு வீடு வீடா அனுப்பினார்கள். 1977-ல் மத்லப் பகுதியில் இதைச் சோதித்துப் பார்த்து, பலன் தெரிந்ததும் விரித்தார்கள். 80-களில் பிராக் அமைப்பின் பெண்கள், வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ஒரு சிட்டிகை உப்பும் ஒரு கைப்பிடி வெல்லமும் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க, ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் சொல்லிக்கொடுத்தார்கள். பெத்த பிள்ளை பிழைக்கும்னு நம்பிக்கை வந்தாத்தானே அடுத்த பிள்ளையை யோசிப்பாங்க? நம்ம பாட்டிமாரைக் கேளுங்க, சொல்வாங்க. 1994 முதல் கிராமத்து மாணவிகளுக்கு உதவித்தொகை. பிறகு ஆயத்த ஆடைத் தொழிற்சாலை, கையில் சொந்தச் சம்பளம்.

இரண்டுமே முஸ்லிம் பெரும்பான்மை நாடுகள். பிள்ளைப்பேற்றை மதத்தோடு முடிச்சுப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பும் சித்தப்பாக்களுக்கு இந்த ஒரு வரி போதும்.

பாகிஸ்தானில் என்ன நடந்தது? மாகாணங்களுக்கு நிதி பிரிக்க 2010 வரை மக்கள்தொகை மட்டுமே அளவுகோல். 2010-க்குப் பிறகும் அதன் எடை 82 சதவீதம். நாடாளுமன்ற இடங்களும் அதே கணக்கில். ஆள் கூடினால் காசும் கூடும், இடமும் கூடும். எந்த மாகாணம் மெனக்கெட்டுக் குறைக்கும்?

ஐ.நா.வின் 2024 கணிப்புப்படி, 2100-ல் பாகிஸ்தான் 51 கோடியைத் தொடும். வங்கதேசமோ இந்த நூற்றாண்டு முடிவதற்குள் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிவிடும்.

இப்போ ஒரு கற்பனை. அந்த நாடு பிரியவே இல்லை, வங்காளிகள் மட்டும் இதே வேலையைச் செய்தார்கள் என்று வையுங்கள். இன்றைய தலைக்கணக்கில் அவர்கள் பங்கு சுமார் 41 சதவீதம். 300-ல் 162 வைத்திருந்தவர்களுக்கு 120 சொச்சம்தான் மிஞ்சும். பெண்ணைப் படிக்க வைத்ததற்கும், பிள்ளையைக் காப்பாற்றியதற்கும் அபராதம் 40 தொகுதி!

இந்த அபராதம் கூடாது என்றுதான் 1976-ல் நம் நாட்டில் 1971 மக்கள்தொகைப்படியே மாநிலங்களின் மக்களவை இடங்களை நிறுத்தி வைத்தார்கள். 2001-ல் அதை நீட்டித்தார்கள். 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரைதான் அந்தப் பாதுகாப்பு. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டின் பிள்ளைப்பேறு விகிதம் 1.8, பீகாரில் 3.0. நம் கையில் 543-ல் 39.

"ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரே மதிப்புதானே நியாயம்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மோசமான கேள்வி இல்லை, கோபப்படாமல் பேசுங்கள். பேசும்போது டாக்காவின் அந்த 40 தொகுதியைக் காட்டி, இதுவும் நியாயம்தானா என்று கேளுங்கள்.