கேம் ஃப்ரீ... பக்கத்துல யாரு?



செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனால், நம்ம மொபைலுக்கு முதல் ஆளாகத் துண்டு போடுவது யார்? அக்கா பையனோ, எதிர்வீட்டு யு.கே.ஜி. வாண்டோதான்! 'அண்ணா, கேம் இருக்கா?' என்று மடியில் ஏறிவிடும். கார் ரேஸைத் தட்டிக் கொடுத்துவிட்டு நாமும் எஸ்கேப். அதற்குப் பதிலாக, வாசிக்கக் கற்றுத்தரும் கேம் ஒன்றைக் கொடுத்தால் என்ன?

இருக்கு பாஸ், அதுவும் ஓசியிலேயே! அமெரிக்காவில் 2002-ல் ஆரம்பித்த தளம் 'ஸ்டார்ஃபால்'. இதைத் தொடங்கிய ஸ்டீபன் ஷூட்ஸ், இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். ஆனால், சின்ன வயசில் வாசிக்க ரொம்பவே திணறியவர். எழுத்தைத் தொட்டால் அதன் சத்தம் கேட்கும். சத்தங்களைச் சேர்த்தால் வார்த்தை வரும். ஆரம்பப் படிகளை விளையாட காசு வேண்டாம்.

இன்னொன்று, பின்லாந்தின் 'எகபெலி'. வெளிநாடுகளில் 'கிராஃபோகேம்' என்று பெயர். 2007-ல் வந்த 'தாரே ஜமீன் பர்' பார்த்தவர்களுக்கு டிஸ்லெக்சியா தெரிந்திருக்கும். அந்தச் சிக்கல் வர வாய்ப்புள்ள குழந்தைகளைப் பிறந்ததிலிருந்தே கவனித்து வந்தது யுவாஸ்கைலா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஹெய்க்கி லூட்டினென் டீம். அந்த ஆய்வில் இருந்து பிறந்ததுதான் இந்த கேம். ஹெட்போனில் ஒரு சத்தம் வரும், திரையில் எழுத்துகள் மேலிருந்து விழும். சரியானதைப் பிடிக்க வேண்டும். குழந்தை தடுமாறினால் கேம் தானே ஈஸியாகிவிடும். லாஜிக் சிம்பிள், சூப்பர்!

சரி, டவுன்லோட் பண்ணிக் கொடுத்தால் மேட்டர் ஓவரா? அங்கேதான் ட்விஸ்ட்!

இங்கிலாந்துப் பள்ளிகளில், வாசிப்பில் பின்தங்கிய குழந்தைகளுக்கு இந்த கேமின் ஆங்கில வடிவத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2018-ல் ரிசல்ட் வந்தது. வழக்கமான பாடத்தைவிடக் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. அடுத்து, நார்வேயின் ஸ்டாவங்கர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த கேம் பற்றிய 19 ஆய்வுகளை மொத்தமாகக் கூட்டிப் பார்த்தார்கள். 2020-ல் வந்த அந்தக் கட்டுரைப்படி, சராசரி முன்னேற்றம் கிட்டத்தட்ட பூஜ்யம்! ஆனால், பெரியவர்கள் கூடவே இருந்து பேசி, கவனித்து, விளையாட வைத்த இடங்களில் மட்டும் நல்ல பலன் இருந்திருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு ரெண்டாங்கிளாஸ் பாப்பா. பாடத்தை அப்படியே ஒப்பிப்பாள். நடுவில் ஒரு வார்த்தையை விரலால் காட்டினால் முழிப்பாள். கேம் கொடுத்தால் படத்தைப் பார்த்தே பட்டனை அமுக்கி ஸ்டார் வாங்கிவிடுவாள். இதைக் கேம் கண்டுபிடிக்காதுங்க. பக்கத்தில் இருக்கிறவங்கதான் கண்டுபிடிக்கணும். இப்படியே அஞ்சாங்கிளாஸ் வரை போய்விட்டால், அப்புறம் கணக்கு, அறிவியல் எல்லாமே அவளுக்குக் கஷ்டம்தான்.

அப்போ நாம என்ன பண்ணலாம்?

* எழுத்தின் பெயர் வேறு, சத்தம் வேறு. 'சீ... ஏ... டீ...' என்று எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் 'கேட்' வராது! பூனை வரணும்னா எழுத்தின் சத்தத்தைச் சொல்லிக் கொடுங்க.

* இங்கி பிங்கி பாங்கி போட்டு அமுக்கினால், திட்டாதீங்க. 'எப்படிக் கண்டுபிடிச்சே?' என்று கேளுங்க. பதில் சொல்லும்போதே குட்டிக்குப் புரியும்.

* கால் மணி நேரம் போதும். அப்புறம் மொபைலை மூடிட்டு, பிஸ்கட் பாக்கெட், பஸ் போர்டு என்று கண்ணில் பட்டதை வாசிக்கச் சொல்லுங்க. கேமில் படித்த எழுத்து வெளியிலும் தெரிகிறதா? அதுதான் உண்மையான ஸ்கோர்!

* தமிழுக்கும் நேரம் ஒதுக்குங்க. 'கொ' எழுத கொம்பு முன்னாடி நிற்கும், கால் பின்னாடி நிற்கும், சத்தமோ 'க்'கில் ஆரம்பிக்கும். குட்டிகள் குழம்பாமல் என்ன செய்யும்? இங்கிலீஷ் கேமுக்கு இது தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

மூணு மணி நேரம் கிரிக்கெட் பார்க்கிற நமக்கு, ஒரு வாண்டோடு கால் மணி நேரம் உட்கார முடியாதா என்ன? இந்த லீவில் ட்ரை பண்ணிப் பாருங்க. அரியர் பேப்பரை அதுக்கப்புறம் பார்த்துக்கலாம், பாஸ்!