பழையதும் இருக்கட்டும்



சென்னை சி-டாக் நிறுவனம் 2007-ஆம் ஆண்டு வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸிலும், அதற்கு மூலமான டெபியனிலும் செயலிகள் ஆயத்தப் பொட்டலங்களாக வருகின்றன. அவற்றைவிடப் புதிய பதிப்பு வேண்டுமானால், மூலநிரலை இறக்கி நம் கணினியிலேயே தொகுத்துக்கொள்ளலாம். கடையில் பொடி வாங்காமல், மிளகாயை மில்லில் கொடுத்து அரைப்பதைப் போலத்தான்.

ஆனால், புதியதை வைக்கப் பழையதை அகற்ற வேண்டும் என்று எண்ணுவது தவறு. கோடை விடுமுறையில் பாகூரில் எங்கள் வீட்டுக் கணினியில் நான் அப்படித்தான் செய்தேன். பைத்தான் பொட்டலத்தை நீக்கியதும், அதை நம்பியிருந்த செயலிகளும் வரிசையாகப் போயின. முகப்புத் திரையே வரவில்லை! திரையில் வந்த எச்சரிக்கைப் பட்டியலை நான் படிக்கவே இல்லை. நெல் கணக்கு அதில்தான் இருந்தது. கணக்கு பிழைத்தது, அப்பாதான் இரவுவரை பேசவில்லை.

நாம் தொகுத்தது வழக்கமாக 'யூஎஸ்ஆர் லோக்கல்' என்னும் தனி அடைவுக்குள் போகும். பைத்தானுக்கு 'மேக் இன்ஸ்டால்' என்பதற்குப் பதிலாக 'மேக் ஆல்ட்இன்ஸ்டால்' என்று கொடுத்தால், பழையதன் பெயரையும் அது பறித்துக்கொள்ளாது.

குறையும் உண்டு. பொட்டலத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தேடி வரும். நாம் தொகுத்ததற்கு நாமே தேடிப் போக வேண்டும். ஆகவே தொகுக்கவே வேண்டாம் என்கிறார் அண்ணன். எனக்கு அதில் உடன்பாடில்லை. அரையாண்டு விடுமுறையில் மறுபடியும் செய்யப் போகிறேன், பழையதைத் தொடாமல்.