இரண்டாம் நாற்காலி

கூடைப்பந்து ஆடிய பிள்ளை உதவிப் பயிற்சியாளராகப் போகிறேன் என்றால், "தலைமைப் பதவி கிடைக்கவில்லையா?" என்றுதான் நம் வீடுகளில் கேட்கிறோம். இந்த இளக்காரம் எனக்கு உடன்பாடில்லை.

அமெரிக்காவின் பில் கத்ரிட்ஜ், கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். 1967 முதல் முப்பது ஆண்டுகள் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் டீன் ஸ்மித்துக்கு உதவியாளர். மைக்கேல் ஜோர்டன் மாணவராக ஆடிய அணி அது. 1982, 1993இல் தேசியப் பட்டம் வென்றபோது புகழெல்லாம் ஸ்மித்துக்கே. (பத்திரிகைகளின் வழக்கம்தானே!) 1997இல், அறுபது வயதில், தலைமைப் பொறுப்பேற்றார். மூன்றே பருவங்கள், 80 வெற்றிகள், இருமுறை இறுதி நான்கு அணிகளுள் இடம். அதற்கான பாடமெல்லாம் இரண்டாம் நாற்காலியில் கற்றதுதான்.

நம் சங்க விளையாட்டு விழாவில் உதவிப் பயிற்சியாளர்களையும் மேடைக்கு அழைக்கலாமே, செயற்குழு கவனிக்குமா?