குண்டு விழாத ஊரின் போர்க்கணக்கு

இரண்டாம் உலகப் போரில் தென்காசி மாவட்டத்துக் கடையநல்லூரில் குண்டு விழவில்லை. ஆனால் 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும், இந்த ஊரில் எத்தனையோ வீடுகளின் அடுப்பு ஆட்டங்கண்டது. சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் பக்கம் பிழைக்கப் போன தகப்பன்மாரின் கடிதமும் நின்றது, பணமும் நின்றது. மூன்றரை ஆண்டுகள், ஆள் இருக்கிறாரா என்றே தெரியாமல் பிள்ளைகள் வளர்ந்தார்கள். பர்மா அரிசி வரத்து அற்றுப்போய், அரிசிக்கு அளவு வந்த காலம் அது. நூலுக்கும் தட்டுப்பாடு. நெசவூரில் நூல் இல்லையென்றால் தறி நிற்கும். தறி நின்றால் தார் சுற்றும் பிள்ளைக்குக் கஞ்சியும் நிச்சயமில்லை.

அக்கரையில் இருந்த பிள்ளைகளுக்கு மரவள்ளிக்கிழங்கே சோறு. பள்ளியில் ஜப்பானியப் பாடம். போர் ஓய்ந்த மறு ஆண்டே, 1946இல், சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் அங்கே உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. இழந்த படிப்பு அவர்களை எவ்வளவு உறுத்தியிருக்க வேண்டும்!

சிங்கப்பூர் தன் பங்கைச் செய்துவிட்டது. 1979இல் வாய்மொழி வரலாற்றுக்கென்றே அரசு அமைப்பு ஒன்றை ஏற்படுத்தி, 1981 முதல் ஜப்பானிய ஆட்சிக்கால நினைவுகளைப் பதிவுசெய்தது. இக்கரையில் காத்திருந்தவர்களின் பாதிக் கதையை நாம்தான் கேட்கவில்லை. போர் வரலாறு என்றால் தளபதிகளும் தேதிகளும்தான் என்ற பழக்கம் நம்மை விடவில்லை.

பழங்கதை எதற்கு என்பார்கள். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது, அங்கிருந்து சுமார் 1,70,000 இந்தியர்களை மீட்டுவர வேண்டியிருந்தது. அப்போதும் சபர், அதாவது வெளிநாட்டுப் பிழைப்புக்கு, போன தகப்பனின் செய்திக்காகப் பிள்ளைகள் காத்துக் கிடந்தார்கள். வளைகுடாவில் ஏவுகணை பறந்தால் இன்றும் இங்குள்ள வகுப்பறையில் ஒரு பிள்ளைக்குப் பாடம் ஓடாது. அந்தப் பிள்ளையை எப்படித் தேற்றுவது என்று பாடநூல் சொல்லாது. அதைக் கடந்து வந்த பாட்டி சொல்லக்கூடும்.

அந்த நினைவுகளைப் பதிவுசெய்யப் பெரிய செலவு ஏதுமில்லை. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக வரலாற்றுத் துறை கேள்விகளை வகுத்துத் தரட்டும். உள்ளூர்ப் பள்ளி மாணவர்கள் கைப்பேசியில் பதிவுசெய்யட்டும். ஜமாஅத்துகள் வீடுகளைக் காட்டட்டும். தமிழ் இணையக் கல்விக்கழகம் பாதுகாத்து வைக்கட்டும். தென்காசி மாவட்ட நிர்வாகம் இதை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும். 1942இல் ஐந்து வயதாக இருந்தவர்கள் இன்று தொண்ணூறை நெருங்குகிறார்கள்.